அப்பாவின் காருக்கு நானே மாட்டிய சைலென்சர்

பழைய காருக்குப் புது சைலென்சர் பொருந்தவே பொருந்தாது, விற்றுவிடுங்கள் என்று இன்று காலை ஒருவர் இங்கே எழுதியிருந்தார்.

பொருந்தும். நானே மாட்டியிருக்கிறேன்.

1974இல் அரூரில் டீச்சராக இருந்தேன். இறந்துபோன அப்பா எனக்கென்று விட்டுப்போனது நாற்பது வருஷத்துப் பழைய கார் ஒன்றுதான். பழைய சைலென்சர் ஓட்டையாகிவிட, சேலத்தில் வாங்கிய புது சைலென்சர் குழாய் அதன் பின் அச்சில் போய் இடித்தது.

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். மறுநாளே பெரியப்பா, காரை வாங்கிக்கொள்ள ஓர் ஆளைக் கூட்டி வந்தார்.

“பொட்டப்புள்ளைக்கு எதுக்கும்மா காரு? குடுத்துத் தொலை.”

“இது என்னுதுங்க பெரியப்பா. குடுக்க மாட்டேன்.”

வந்தவர் திரும்பிப் போனார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கடியில் படுத்தேன். குழாய் எப்படி வளைந்து போனால் இடிக்காதோ, அப்படியே ஒரு கம்பியை வளைத்தேன். கொல்லுப் பட்டறையில், வளைக்கும்போது நசுங்காமலிருக்கக் குழாய்க்குள் மணலை அடைத்து, நெருப்பில் காய்ச்சி, கம்பியைப் போலவே வளைத்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் நானே மாட்டினேன். எங்கும் இடிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா வந்தார். “தருமபுரில ஒரு கல்யாணம். பஸ்ஸுல ஒரே கூட்டம்மா...”

கூட்டிப்போனேன். முன்சீட்டில் ஏற வந்தவரைப் பின்சீட்டில்தான் உட்கார வைத்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியப்பாக்கள் எப்படி?