குவித்து அளந்த மைதா

பஞ்சநதம் வாழ்க்கையில் எதையும் குறைத்து அளந்ததில்லை. கீழ்வேளூருக்குக் கிழக்கே தன் களத்தில் அவர் கூலி நெல் அளந்த காலத்தில், மரக்காலின் வாய்க்கு மேலே கோபுரம் நிற்கும். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார், ‘லாபம்’ என்பார். வாய்மட்டத்தோடு வழித்துத் தலைதட்டுகிறவனை மனிதரில் சேர்க்கவே மாட்டார். இப்போது நெல் மூட்டையாகத் தராசில் ஏறுகிறது. கைக்கு வேலை போயிற்றே தவிர பழக்கம் போகவில்லை. காபிகூட அவருக்குத் தளும்பத் தளும்ப வரவேண்டும், வேட்டியில் சிந்தினாலும் சரி.

அவர் மனைவி மங்களாம்பிகை வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். ஆர்டர் உள்ள நாளெல்லாம் சாயங்கால டீயோடு பஞ்சநதத்துக்கு வட்டமாக, மெல்லிசாக ஒரு கேக் வரும். தனக்கென்றே தனியாகச் சுடுகிறாள் என்று அவருக்குப் பெருமை தாங்காது. கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

அந்த மங்களாம்பிகை கொல்லையில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. மறுநாள் மாலை வாடிக்கைக்காரி ஜஸீலாவின் மகள் பிறந்தநாளுக்குக் கேக் போயாக வேண்டும். ஊரில் புதிதாக ஒரு கேக் கடை வேறு முளைத்திருந்தது. இந்த ஆர்டர் தவறினால் ஜஸீலாவின் தெருவே அங்கே போய்விடும்.

“நான் செய்யறேன். நீ அளவை மட்டும் சொல்லு” என்றார் பஞ்சநதம்.

“மைதா நாலு கப்பு, சர்க்கரை ரெண்டு கப்பு” என்று ஆரம்பித்து எல்லாம் சொல்லிவிட்டு, மங்களாம்பிகை கூடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

காலையில் அடுப்படியில் லாபம், ரெண்டு, மூணு என்று குரல் கேட்டது. ஓவனிலிருந்து வெளியே வந்ததில் கத்தி இறங்கவில்லை. மங்களாம்பிகைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் பஞ்சநதத்துக்கு உயிரே போய்விட்டது.

“நான் சொன்ன அளவுதானே போட்டீங்க?”

“குறைக்கவே இல்ல.”

“எப்படி அளந்தீங்க, காட்டுங்க.”

கப்பில் மைதாவை அள்ளினார், குலுக்கினார், அமுக்கினார், மேலே கோபுரம் கட்டினார். மங்களாம்பிகை இன்னொரு கப்பில் மைதாவைத் தூவி நிரப்பி, இடது கையால் கத்தியின் முதுகை வைத்து ஒரே இழுப்பில் வழித்தார்.

“தலைதட்டறியே, விளங்குமா?”

“இது நெல்லு இல்லைங்க. மைதா.”

அவரும் கத்தியை வாங்கி முயன்றார். கப்பின் விளிம்புக்கு வந்ததும் கை தானாக மேலே ஏறிக்கொண்டது. இது ஆகாது என்று மங்களாம்பிகை, கேக்கை நிறுத்து விற்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னார். மங்களாம்பிகை வழித்த கப் நூற்று இருபத்தைந்து கிராம். பஞ்சநதத்தின் கப் நூற்றுத் தொண்ணூறு. சர்க்கரைக் கப்போ இருநூறு காட்டியது.

“அதே கப்புதானே, அது எப்படி இருநூறு?”

“ஒரு மரக்கா நெல்லும் ஒரு மரக்கா பதரும் ஒரே கனமாங்க?”

பஞ்சநதம் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மைதா ஐந்நூறு, சர்க்கரை நானூறு என்று கிராமிலேயே போட்டார். தராசு அவருக்குப் பிடித்துப்போயிற்று. எண் வரும்வரை அள்ளிப் போடலாம், யார் தலையையும் தட்ட வேண்டாம்.

இந்தத் தடவை கேக் மெத்தென்று எழும்பி, நடுவில் அழகாகப் புடைத்து நின்றது. பஞ்சநதம் பூரித்துப்போனார்.

“புடைப்பைச் சமமா அறுத்து எடுங்க. அப்பதான் கிரீம் நிக்கும்” என்றார் மங்களாம்பிகை.

பஞ்சநதத்துக்கு அதுவும் தலைதட்டுவதாகவே பட்டது. ஆனாலும் மனைவியின் பெயர் கெடக்கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். மங்களாம்பிகை இடது கையாலேயே கிரீம் பூசி முடித்துவிட்டு முகம் கழுவப் போனார். அதற்குள் ஜஸீலா வந்துவிட்டாள். பஞ்சநதம் கேக்கோடு அறுத்த துண்டையும் தனிப் பெட்டியில் போட்டு நீட்டினார்.

“இது எதுக்குண்ணே?”

“அளவுக்கு மேல. உன் பொண்ணுக்கு.”

அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள். பஞ்சநதத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மங்களாம்பிகை திரும்பி வந்து மேசையைப் பார்த்தார்.

“அறுத்த துண்டு எங்கங்க?”

“ஜஸீலாகிட்ட குடுத்துட்டேன்.”

“அப்ப டீக்கு என்ன தின்பீங்க?”

“எனக்குன்னு தனியா சுடுவியே, அது.”

“தனியாவா? இத்தனை வருஷமா நீங்க தின்னது எல்லாமே இப்படி அறுத்த தலைதாங்க.”

அன்று டீ தளும்பத் தளும்ப வந்தது. கூட ஒன்றும் வரவில்லை.