நான்கு ஓலைகளும் ஐந்தாவது பெயரும்

காஜா பெராங் ஊர்த் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் வாலிபர் சங்கம் என்றால் அப்பாசாமி அண்ணன்தான். மணமாகும்வரை எல்லோரும் வாலிபர். மணமானால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவோம். அவருக்கு வயது நாற்பத்தொன்று. "கிழட்டு வாலிபர்" என்று கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே மரவள்ளிக்கிழங்கு அவித்துப் பங்கிடுவார். வீட்டில் சொல்ல முடியாததை அவரிடம்தான் சொல்வோம். போதகரை ஜப்பான்காரன் பிடித்துப்போன பிறகு ஆராதனையும் அவர் தலையில் விழுந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் ஒரு புதன்கிழமை, ஜப்பான்காரனுக்கு ஆள் பிடிக்கும் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தியாகு வந்து, பதிவேட்டிலிருந்து மணமாகாத ஆண்களின் பெயர்களை எழுதிக்கொண்டான். சயாம் ரயில்பாதை வேலைக்கு. போனவர்கள் திரும்பியதாகச் செய்தியே இல்லை.

"ஞாயித்துக்கிழம ஆளேத்த லோரி வரும்ணே. கல்யாணம் ஆனவன் வேணாம்."

"சபையில கல்யாண ஓலை வாசிச்சிட்டா?"

தியாகு யோசித்தான். "அதுவும் கல்யாணம்தான். ஆனா வாசிக்கறத நான் காதால கேக்கணும்."

பையன்கள் நான்கு பேர். அண்ணன் மூன்று நாளில் அவர்களுக்கு நான்கு பெண்களைச் சேர்த்தார். நால்வரில் ஒருத்தி நான்; எனக்குத் தம்பிராஜா.

"அவன் மூஞ்சியப் பாத்தாலே எரிச்சல்ணே."

"சண்டைய அப்புறம் போடலாம் ஜெயா. மொதல்ல ஆளு இருக்கட்டும்."

என் அப்பா கலியாணசுந்தரம் என்னைக் குருபோங் ஊரில் வேறொருவருக்குப் பேசி வைத்திருந்தார். அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஞாயிறன்று தியாகு கடைசி பெஞ்சில் பட்டியலோடு உட்கார்ந்தான். வெளியே லோரி நின்றது. மணக்கப்போகும் ஜோடியின் பெயரை அண்ணன் ஓலையாக வாசித்ததும், இதற்குத் தடை அறிந்தவர் உண்டா என்று கேட்டுக் காத்திருப்பது முறை. மூன்று முறை யாரும் வாய் திறக்கவில்லை. நான்காவதில் என் பெயர். அப்பா எழுந்துவிட்டார். அவர் தியாகுவைப் பார்த்தார், தம்பிராஜாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

தியாகு நான்கு பெயர்களை அடித்தான். பிறகு முன்னால் வந்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்குண்ணே."

பட்டியலின் முதல் பெயர் அப்பாசாமி. சங்கம் தொடங்கிய நாளில் பதிவேட்டில் அவரே எழுதியது. அப்போதுதான் நினைவு வந்தவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, நானும்தான்," என்றார்.

ஆர்மோனியம் வாசிக்கும் விஜயா அக்கா எழுந்தார். "எனக்கும் அவருக்கும்..."

"ஓலையில வரலியே," என்றான் தியாகு.

லோரியில் ஏறும்போது, சமையலறையில் கிழங்கு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

சபையில் வாசித்ததை மாற்ற முடியாது என்று அப்பாவே எனக்கும் தம்பிராஜாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தார். பதிவேட்டில் எங்கள் பெயர்களை அடித்தார்கள். அண்ணன் பெயர் இன்னும் முதல் வரியில் இருக்கிறது. மூன்று நாள் உட்கார்ந்து எங்களுக்கு ஜோடி தேடினார். கேலி செய்த எங்களில் ஒருவருக்குக்கூட, அவருக்கும் ஒருத்தி வேண்டுமே என்று தோன்றவில்லை.