ஆற்றுக்குப் போகும் வழியும் ஒரு பூங்காக் குழுவும்

ஆற்றங்கரைப் பூங்காக்களைத் தோட்டக்காரர்கள் உருவாக்குகிறார்கள் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. ஆழ்ந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. பூங்காக்களை உருவாக்குவது கூட்டக் குறிப்பேடு. தோட்டக்காரர் பிற்பாடு வந்து, அதில் எழுதியிருக்கும் இடத்தில் குழி தோண்டுகிறார், அவ்வளவுதான். கல்லூரி நூலகராக ஓய்வு பெற்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் அடையாற்றை ஒட்டிய ஒரு பூங்காவின் நலக் குழுவுக்கு இரண்டு ஆண்டுகளாகச் செயலாளராக இருப்பவன் சொல்கிறேன். எந்தச் சங்கத்திலாவது "நீங்களே எழுதிடுங்க சார்" என்று நீட்டிய பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு மாட்டியவர் இதைப் படித்தால், நாம் உறவுக்காரர்கள்.

மஞ்சள் தாள்

பூங்கா வருமுன் அது முள்ளும் கட்டட இடிபாடும் கிடந்த பொட்டல். மக்களைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா போட்டு, ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தோம். நடைபாதை, விளக்கு, செடி, விளையாட்டு என்று பலகையில் நான்கு தலைப்புகள். வகைப்படுத்துவது என் முப்பது வருடத் தொழில். அன்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

கரையோரக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் ரீட்டா வந்தார். அவர் கணவர் அருளப்பன் முகத்துவாரத்தில் வலை போட்டுவிட்டு, பொட்டலின் கோடியில் படகைக் கட்டுவார். ரீட்டா மீன் கூடையோடு பொட்டலைக் குறுக்கே கடந்து பத்தரைக்குள் எங்கள் தெருக்களுக்கு வந்துவிடுவார். கையெல்லாம் மீன் என்று அவர் சொன்னதால் நானே எழுதினேன்: "ஆற்றுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டாம்." இது எந்தத் தலைப்பு? நடைபாதை என்றால் நடைப்பயிற்சிக்கானது, அதில் சேராது. வெகுநேரம் யோசித்து, "மற்றவை" என்று ஐந்தாவதாக ஒரு தலைப்பை உண்டாக்கி ஒட்டினேன். அதன்கீழ் அந்த ஒரு தாள்தான். ரீட்டாவுக்குத் திருப்தி.

"எழுதிக்கின இல்ல சார், போதும். பேசினா காத்துல பூடும், எழுதினது நிக்கும்."

வலமா, இடமா

நடைபாதை போட்டாயிற்று. அதில் எந்தத் திசையில் சுற்றுவது? காலையில் எதிரும் புதிருமாக நடந்து இரண்டு முழங்கைகள் இடித்துக்கொண்டதில் விஷயம் குழுவுக்கு வந்தது. மூன்று கூட்டங்கள். இதய நோயாளிகள் இடமாகச் சுற்றினால் நல்லது என்றார் ஒருவர். சூரியன் கண்ணில் குத்துகிறது என்றார் இன்னொருவர். பூமி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை நான் தேவையில்லாமல் சொல்லிவைத்தேன். அதில் முக்கால் மணி நேரம் போயிற்று.

ஒவ்வொரு முறையும் கடைசிப் பொருளாக "மற்றவை" இருந்தது. ஒவ்வொரு முறையும் "நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். குழுவின் தலைவி பத்மா மாமி, மயிலாப்பூரில் பிறந்தவர், மூன்றாம் கூட்டத்தில் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"கோவில்ல ஓட்டெடுப்பு நடத்திண்டா பிரதட்சிணம் பண்றா? பிடிக்காதவா அவாவா ஆத்து மொட்டைமாடியில சுத்திக்கட்டும்."

பத்து மணி

கம்பி வேலியும் இரும்புக் கேட்டும் வந்தன. காலை ஐந்து முதல் பத்து, மாலை நான்கு முதல் எட்டு. நடப்பவர்களின் வசதியைக் கேட்டுக் குறித்த நேரம். நடப்பவர்கள் எல்லோரையும் கேட்டோம்.

முதல் வாரம் ஒருநாள், பத்து மணி பத்து நிமிடத்துக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் ரீட்டா நின்றிருந்தார். கூடை நிறைய மடவை மீன். இந்தப் பக்கம் நான். காவலாளி பூட்டிவிட்டுச் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தார். கரையோடு போய்ப் பாலமேறி, மெயின்ரோட்டைச் சுற்றி வர அரைமணிக்கு மேல் ஆகும். அதற்குள் எங்கள் தெருக்களில் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். சாக்கடை வாடை என்று அடையாற்று மீனைச் சந்தையில் சீந்துவாரில்லை. வழக்கமான வீடுகளில் விற்றால்தான் உண்டு. "அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்" என்றேன். அவர் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார்.

"மீனுக்கு இன்னா சார் தெரியும் உன் டைம்டேபிளு? அதுக்கு நாறத்தான் தெரியும்."

விதி நான்கு

வைத்தேன். ரீட்டாவிடம் ஒரு சாவி கொடுத்துவிடலாம் என்று எல்லோருமே மனமுவந்து சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு விதி நான்கு நினைவுக்கு வந்தது: காவலாளியைத் தவிர்த்து, சாவி உறுப்பினரிடம் மட்டுமே இருக்கலாம். உறுப்பினர் என்பவர் கீழ்க்காணும் ஏழு தெருக்களில் வசிப்பவர். ஏழையும் அகர வரிசையில் அடுக்கியவன் நான். குப்பத்துக்குத் தெருப்பெயர் இல்லாததால் அது வரிசையில் எங்கும் உட்காரவில்லை. விதியைத் திருத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நேரில் வரவேண்டும். அதுவும் என் கைவண்ணம். பொதுக்குழு கூட்டினோம். வந்தது பதினொரு பேர்.

பத்மா மாமி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"நன்னாத்தான் எழுதியிருக்கேள், போங்கோ. ஒரு ஓட்டை விடலையே!"

சீருடை

மழைக்காலம் முடிவதற்குள் வழக்கமான வீடுகள் கைப்பேசியில் மீன் வரவழைக்கப் பழகிவிட்டன. அருளப்பன் படகைப் பழவேற்காட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அதே சமயம் பழைய காவலாளி ஊருக்குப் போய்விட, இடம் தெரிந்த ஆள் வேண்டும் என்று காவலுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் தேடினார். குப்பத்துக்காரரைவிட இடம் தெரிந்தவர் யார்? அருளப்பன் நீலச் சட்டையும் விசிலுமாக வந்து சேர்ந்தார். மிகச் சரியாகப் பத்துக்குப் பூட்டுகிறார். ஒரு நிமிடம் முன்பின் இல்லை.

வழியில் ரீட்டாவைப் பார்த்தபோது, "வேலை கிடைத்ததே, நல்லதுதானே?" என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எவனாவது பூட்டினா நாலு வார்த்தை நல்லாக் கேட்டுக்கினு போவேன் சார். இந்தாளு கூடக் குந்தி சோறு துன்றவ நானு, இவரை இன்னான்னு கேக்கறது?"

எல்லோருடைய கருத்தையும் கேட்டு ஒருவரை மட்டும் ஆற்றுக்குப் போகவிடாமல் செய்வது எப்படி என்று வேறு குழுக்கள் அறிய விரும்பினால், பக்க எண்ணிட்ட குறிப்பேடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ரீட்டா இப்போது எங்கள் அடுக்ககத்தில் படிக்கட்டு பெருக்குகிறார். துடைப்பச் சத்தம் மூன்றாம் மாடியை நெருங்கும்போது நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.