ரெண்டு ரிங் விட்டால் நான்

மந்தாரக்குப்பத்தில் நான் இருந்தபோது எங்கள் மேஸ்திரி வேலைக்கு ஆள் கூப்பிட்டது மிஸ்டு காலில்தான். விடிவதற்கு முன்பே டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு யாராவது வரவில்லை என்று தெரிந்தால், பதில் ஆளுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்வார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் நாமும் ஒரு ரிங் திருப்பி விட வேண்டும். விட்டால் வருகிறோம் என்று அர்த்தம். இல்லையென்றால் அடுத்தவனுக்குப் போய்விடும். போனை எடுத்துப் பேசக் கூடாது. முதல் தடவை விவரம் தெரியாமல் எடுத்து "அலோ" என்றுவிட்டேன். "உன்ன யாரு பேசச் சொன்னது? ரிங்கு வந்தா ரிங்கு வுடு, அவ்ளோதான்" என்று திட்டிவிட்டு வைத்தார்.

வேலை பெல்ட் ஓரத்தில். சுரங்கத்திலிருந்து நிலக்கரி பெல்ட்டில் ஏறிப் பல மைல் ஓடிவரும். வழியெல்லாம் சிந்தும். சிந்தியதை மண்வெட்டியால் அள்ளித் திரும்ப பெல்ட்டில் போட வேண்டும். மழையில் சேறு, வெயிலில் தூசி. காண்ட்ராக்ட்டில் இருந்தவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ் இருந்தது. பாஸ் இருந்தால் தினமும் வேலை, பி.எஃப். பிடித்தமும் உண்டு. என்னைப் போன்றவர்கள் ஸ்பேர் ஆட்கள். ரிங் வந்தால்தான் கேட்டுக்குள் போக முடியும்.

அதற்கு முன் நான் திருப்பூரில் இருந்தேன், கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தேன், எண்ணூரில் லாரியில் கிளீனராக இருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. இங்கே மட்டும் இருந்துவிடலாம் என்று தோன்றியது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்பு கொஞ்சம் சலித்திருந்தது. கேங்கில் வயதான ஒருவர் முட்டிவலி தாங்காமல் வேலையை விட்டு நின்றுகொள்ளப் போவதாக எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி என்னிடம் சொல்லியிருந்தார். "நீ ஒரு ரிங்கக்கூட தவற வுட்டதில்ல. அவுரு நின்னா அந்தப் பாஸு உனக்குத்தான்." அதன் பிறகு நான் போனைக் குளியலறைக்குக்கூட பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போனேன்.

அந்த சமயத்தில்தான் செல் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. உங்கள் பகுதியில் நெட்வொர்க் மேம்படுத்தப்படுகிறது, பொறுமைக்கு நன்றி என்று. நான் பொறுமையாக இருக்கிறேனா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. இரண்டொரு நாளில் போனில் நான்கு சிக்னல் கோடு இருந்த இடத்தில் ஒன்று இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கடைவீதியில் ஒரு பாய் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். அந்தக் கம்பெனியின் சிம்மை எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விற்றவர் அவர்தான். கோபத்தைக் காட்ட வேறு ஆள் கிடையாது என்பதால் எல்லோரும் அவரிடம் போய் நின்றோம். கஸ்டமர் கேருக்குப் பேசலாம் என்றால், பேசுவதற்கு டவர் வேண்டும்.

இட்லிக் கடை போட்டிருந்த அக்கா ஒருத்தி தினமும் வருவாள். அவள் குடியிருந்த வீட்டு மாடியிலேயே டவர் நின்றது.

"பாய், டவரு எங்க வூட்டு மேலதான் நிக்குது. அது நெழல்லதான் நான் துணி காயவச்சிகினு இருக்கேன். எனக்கே ஒரு கோடு வரலன்னா வேற யாருக்கு வரும்?"

"நெழலுக்குக் காசு கேக்காம வுட்டானேன்னு சந்தோசப்படு யக்கா."

"நீ கேப்ப. அவனுக்குத்தான் உன்னமாரி புத்தி இல்ல."

பாய் சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் தெளிவில்லை. டவரில் ஏறி வேலை செய்தவர்கள் மூன்றே நாள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதை நம்பி எங்களிடம் சொன்னார். மூன்று நாள் போய் மாதம் திரும்பிவிட்டது. ஒருநாள் அவரே விஷயத்தைக் கண்டுபிடித்து வந்து சொன்னார். புதிய மிஷின்கள் டச் போனுக்கானவை. பட்டன் போனுக்கு விட்டிருந்த சிக்னலைக் குறைத்து அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் எல்லோரிடமும் டச் போன். அங்கே ஒரு குறையும் இல்லை, பிள்ளைகள் சினிமாவே பார்க்கிறார்கள்.

"அப்ப மேம்பாடுன்னு மெசேஜ் அனுப்பினது யாருக்கு பாய்?"

"அவுங்களுக்குத்தான். நமக்கு அனுப்பினது தகவலுக்கு."

வேறு கம்பெனி சிம் வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். அடையாள அட்டை வேண்டும். என்னுடையது அண்ணன் வீட்டில் கிடந்தது. அந்த வீட்டுக்குப் போவதாக இல்லை. நான் வைத்திருந்த சிம்மே எண்ணூரில் யாரோ ஒருவர் பெயரில் வாங்கியது.

என்னோடு ஒரே ரூமில் இருந்தவனும் ஸ்பேர் ஆள்தான். முத்தாண்டிக்குப்பத்துக்காரன். ஊர் பக்கம்தான், ஆனால் ரிங் வந்த பிறகு பஸ் பிடித்து வந்தால் ஷிஃப்ட் தொடங்கிவிடும் என்பதால் இங்கே தங்கியிருந்தான். மனைவி ஊரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் சட்டையை அவன் போடுவான், அவன் சட்டையை நான் போடுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன். அவனுடைய சிம் வேறு கம்பெனி. அவனுக்கு டவர் நன்றாகவே கிடைத்தது.

யோசனை என்னுடையதுதான். மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். என் போனுக்கு டவர் வரும்வரை இவன் போனுக்கே அடியுங்கள். ஒரு ரிங் விட்டால் இவன். அடுத்தடுத்து ரெண்டு ரிங் விட்டால் நான். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"குழம்பாம வந்து சேருங்கடா. டவருக்கு ஒரு பாஷ, உங்களுக்கு ஒரு பாஷ."

முதல் வாரம் ரெண்டு ரிங் வந்தது, போனேன். மறுபடியும் வந்தது, போனேன். அதற்கப்புறம் ஒரு ரிங்காகவே வந்தது. அவன் விடிகாலையில் எழுந்து லுங்கியை அவிழ்த்து பேண்ட் மாட்டுகிற சத்தத்தில் விழித்துக்கொள்வேன்.

"எத்தினி ரிங்குடா?"

"ஒண்ணுதான் மச்சான். நீ படுத்துக்க."

படுத்துக்கொண்டேன். போன் வைப்ரேட்டில் அவன் தலைமாட்டில்தான் இருக்கும். எத்தனை மிஸ்டு கால் என்று திரையிலேயே காட்டும், எனக்கும் எண் படிக்கத் தெரியும். எட்டிப் பார்த்திருக்கலாம். கஞ்சி வைத்துக் கொடுத்தவனின் போனை எட்டிப் பார்ப்பது எனக்கு அசிங்கமாகப் பட்டது.

வேலை இல்லாத பகலில் நான் டவரைத் திட்டினேன். பாய் கடையில் என்னைவிட அதிகமாகத் திட்டியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் ஆர்ச்சுக்குப் போவேன். அங்கே ஒரு கோடு வரும். மந்தாரக்குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் எப்போதும் அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துபாயில் இருக்கும் புருஷனோடு ஒரு பெண் மதில் பக்கம் திரும்பிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். வாட்ச்மேன் யாரையும் விரட்டுவதில்லை. மதிலுக்கு வெளியேதான் நின்றோம்.

ஒரு மத்தியானம் டவர் வந்துவிட்டது. புகார் அதிகமாகி, குறைத்ததைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்களாம். பாய் கடையில் ஆளுக்கு ஆள் பக்கத்தில் நிற்பவனுக்கே போன் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராக மேஸ்திரியைத் தேடிப் போனேன். டீக்கடையில் இருந்தார்.

"என் நம்பருக்கே டவரு வந்துடுச்சு. இனிமே எனக்கே அடிங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒடம்பு தேவலையா?"

"எனக்கு என்னா?"

"ரெண்டு ரிங்கு வுட்டுகினேதான்டா இருந்தேன். ஒவ்வொரு தபாவும் அவன்தான் வந்து நின்னான். உனக்கு ஒடம்பு முடியலன்னான். ஒருநாளு நீ கேரளா போறேன்னு கெளம்பிகினு இருக்கன்னான். சரி, உன் காலுதான் ஒரு எடத்துல நிக்காதேன்னு நானும் வுட்டுட்டேன்."

பெஞ்சில் எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

"அந்தப் பெரியவுரு பாஸு?"

"போன வாரமே அவன் பேருக்கு எழுதியாச்சு. உன்னாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. போன வாரம் அவன் ஊரிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து அறுத்துக் கொடுத்தான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நல்ல சுளையாகப் பார்த்து என் பக்கம் தள்ளினான். அது எதற்கான பழம் என்று நான் கேட்டிருக்கவில்லை.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தான். பாஸ் கழுத்தில் இல்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான் போல. நான் அவன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டேன். கெட்டியாக இருந்தது.

"எப்பிடிடா மனசு வந்துச்சு?"

அவன் தலையைக் குனியவில்லை. பைப்படியில் கையைக் காலைக் கழுவிக்கொண்டே பேசினான். கறுப்புத் தண்ணீர் ஓடியது.

"மொத நாளு திட்டம் போட்டுல்லாம் போகல மச்சான். நீ அசந்து தூங்கிகினு இருந்த. எழுப்பலாம்னுதான் பாத்தேன். அப்பறம் எழுப்பல."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் எழுப்ப முடியல. எழுப்பினா மொத நாளு ஏன் எழுப்பலன்னு கேப்ப." துண்டை எடுத்துத் துடைத்தான். "நீ எப்பிடியும் ஒருநாளு எங்கனா போயிடுவ. எத்தினி ஊரு சொல்லியிருக்க என்னாண்ட. அந்தப் பாஸ வச்சிகினு நீ எத்தினி நாளு இருந்திருப்ப? நான் இங்கதான் கெடக்கணும். எம் பொண்டாட்டி கையப் பாத்திருக்கியா, முந்திரிப்பாலு பட்டு வெந்துபோயி?"

நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி படுத்துக்கொண்டு பேச எனக்கு இருந்ததெல்லாம் திருப்பூர், கேரளா, எண்ணூர் கதைகள்தான். அவனைச் சிரிக்க வைக்கச் சொன்ன கதைகள். அவற்றைக் கேட்டுக்கொண்டே அவன் என் இடத்தை அளந்திருக்கிறான். இங்கே இருந்துவிடலாம் என்று நினைத்ததை மட்டும் அவனிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எழுப்பியிருப்பானா தெரியாது.

அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் போய்ப் படுத்தேன்.

காலையில் கடை வாசலில் இட்லிக்கார அக்கா போனை எல்லோருக்கும் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான்கு கோடு. பாய் கஷ்டமெல்லாம் தீர்ந்த ஆள்போல எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

"உனக்கு நல்லா வருதா?"

"வருது பாய்."

"அப்பாடா. உன் வாயிலேருந்து தப்பிச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் என் போன் ஒரு தடவை அடித்து நின்றது. மேஸ்திரிதான். இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு ஆள் குறைந்திருக்கும். பல வாரங்களுக்குப் பிறகு என் போனுக்கே நேராக வந்த ரிங். பண்ருட்டி பஸ் எதிரே ஆளேற்றிக்கொண்டு நின்றது. பை என் தோளில்தான் இருந்தது.

பஸ் ஏறினால் அவன் சொன்னது சரியாகிவிடும். அதே பெல்ட் ஓரத்தில் பாஸை மாட்டிக்கொண்டு நிற்பவன் பக்கத்தில் ஸ்பேர் ஆளாக நிற்க வேண்டியிருக்கும், அதுவும் தெரிந்தது. டீ ஆறுவதற்குள் ஒரு ரிங் திருப்பி விட்டேன்.