நான் நிறுத்திக்கொண்டே இருந்த சர்வர்

இன்று காலை ரவாங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குப் போகும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தேன்.

இத்தனை வருடமும் பிரவுசரில் தெரியும் பக்கங்களுக்குத்தான் ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளில் ஒரு சின்ன சர்வரையாவது ஓடவைத்துக் காட்டினால்தான் புதிய குழுவில் இடம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். காலையிலேயே கூட்டம்.

எழுதி வைத்திருந்த சர்வரை ஓடவைக்கும் கட்டளையைத் தட்டினேன். கறுப்புத் திரையில் ஒன்றுமே வரவில்லை. சிக்கிக்கொண்டது என்று நினைத்து நிறுத்தினேன். மறுபடி தட்டினேன், மறுபடி நிறுத்தினேன்.

பக்கத்து இருக்கைப் பெண் இயர்போனைக் கழற்றினாள்.

"சாரி அக்கா, பார்த்துட்டேன். அது ஓடிக்கிட்டுதான் இருக்கு. யாராச்சும் கேட்டா பதில் சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருக்கு. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் நிறுத்திடுறீங்க லா."

"ஓடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா?"

"நீங்க அதைச் சொல்லச் சொல்லி எழுதலையே அக்கா."

மறுபடி ஓடவிட்டு, இந்த முறை நிறுத்தாமல், பிரவுசரைத் திறந்து சர்வரின் முகவரியைத் தட்டினேன். 'வணக்கம்' என்று வந்தது. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகக் கூட்டத்திலும் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

ஜொகூரில் படிக்கும் மகள் என் மெசேஜுக்குப் பதில் போடத் தாமதித்தால் உடனே போன் அடித்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பது என் வழக்கம். இன்று மதியத்திலிருந்து பதில் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

இரவுச் சாப்பாடு வரை தாங்குவேனா என்று பந்தயம் கட்டுகிறவர்கள் கீழே எழுதலாம்.