நைனாவுக்கு நான் வைத்துக் கொடுத்த குரல்

என் நைனாவுக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் பாண்டிச்சேரியில் நடந்தது. கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டிருந்தார்கள்; இனி மூச்சு அதன் வழியாகத்தான் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். நைனா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் சிங்கவரத்துக் கொல்லையில் நின்று அவர் ஒரு ஆளைக் கூப்பிட்டால், ரோட்டில் சைக்கிளில் போகிற வேறொரு ஆளும் இறங்கி நிற்பான். அப்படிப்பட்ட தொண்டை அது.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு புற்றுக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்ததில் அவர் கழுத்துத் தோல் கட்டை மாதிரி இறுகிப் போயிருந்ததால் வண்டு இரைகிற சத்தம்தான் வந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் செஞ்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பகல் முழுக்க அவர்கள் இருவரும் கையை ஆட்டியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அவுரு இன்னா கேக்குறாருன்னே தெரியலடி. தண்ணி குடுத்தா தள்ளி வுடுறாரு. போர்வ குடுத்தா மொறைக்கிறாரு” என்று அம்மா ஒரு நாள் அழுதாள்.

கடைக் கம்ப்யூட்டரில் தேடித் தேடி ஒரு செயலியைக் கண்டுபிடித்தேன். தமிழில் டைப் அடித்தால் போன் அதை வாய்விட்டுச் சொல்லும். அடிக்கடி சொல்கிறவற்றைப் பட்டனாக வைத்துக்கொள்ளலாம். முதலில் என் பழைய போனில் போட்டுப் பார்த்து, பிறகு நைனாவின் போனில் ஏற்றினேன். அதிலிருந்த ஆண் குரல் செய்தி வாசிக்கிறவர் மாதிரி விறைப்பாகப் பேசியது. “யார்டி இவன், தாசில்தாரா?” என்று நைனா நோட்டில் எழுதினார்.

அந்தக் குரலுக்கு எங்கள் பேச்சைப் பழக்கினோம். பேசுகிறபடி எழுதினால் அது தப்பாகச் சொல்லும். நடுவில் ஒரு புள்ளியோ ஒரு எழுத்தை இரட்டித்தோ வைத்தால் சரியாக வரும். ‘எங்கடி போன’ என்ற இரண்டு வார்த்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். ஒரு வழியாக அது சரியாக வந்தபோது அடுப்பங்கரையிலிருந்து அம்மா, “இங்கதான் கீறேன்” என்று பதில் கொடுத்தாள். நைனா சத்தமில்லாமல் சிரித்தார். துளையின் மேல் கட்டியிருந்த துணி உள்ளே போய் வெளியே வந்தது.

ஏழெட்டு மாதத்தில் அந்தக் குரல் அவருடையதாகிவிட்டது. டீக்கடையில் அந்தக் குரலில் டீ கேட்டார். கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்க வந்தவர்களை அந்தக் குரலில் விரட்டினார். ஊரில் யாரும் அதைப் போனாக நினைத்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை போன் தானாக அணைந்து, தானாக எழுந்தது. அப்டேட். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். நடந்ததை டீக்கடைக்காரர்தான் பிறகு சொன்னார். நைனா வழக்கம்போலப் பட்டனை அழுத்தியிருக்கிறார். “டீ ஒண்ணு, சக்கர கம்மி” என்று ஒரு பொம்பளை குரல் இனிமையாகச் சொல்லியிருக்கிறது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, யாராக இருந்தாலும் சிரிப்பு வந்திருக்கும். நைனா மறுபடி அழுத்தியிருக்கிறார். மறுபடியும் அதே குரல். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

சாயங்காலம் நான் வந்தபோது போன் அணைத்து அலமாரி மேல் கிடந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான்கு நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை.

அந்த நான்கு நாளும் நான் போனோடு மல்லுக்கட்டினேன். செட்டிங்ஸில் குரலை மாற்றும் இடத்தில் ஆண் குரல் இல்லவே இல்லை. உதவி எண்ணுக்கு அடித்தால், புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்றார்கள். மாறியதால்தானே இந்தக் கதி என்று சொன்னேன். போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். அப்டேட்டை நீக்கிப் பார்த்தேன். பழைய குரல் வந்தது. கை தட்டாத குறையாக அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் பேசினார். மூன்றாம் நாள் அது தானாக மறுபடி ஏறிக்கொண்டது. தானாக ஏறுவதை நிறுத்தினேன். ‘இந்தப் பதிப்பு இனி ஆதரிக்கப்படாது’ என்று சொல்லி அடுத்த வாரம் திறக்கவே மறுத்துவிட்டது.

அப்போதுதான் என் பழைய போன் நினைவுக்கு வந்தது. கண்ணாடி விரிசல் விட்டு, துணிகளுக்கு அடியில் கிடந்தது. அதில் நான் முதன்முதலில் போட்டுப் பார்த்த பழைய பதிப்பும், அந்த ஆண் குரலும் அப்படியே இருந்தன. சிம்மை எடுத்துவிட்டேன். நெட்டே காட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். “இத எவன்கிட்டயும் குடுக்காத நைனா. வைஃபை போடறேன்னு யாரு கேட்டாலும் குடுக்காத” என்றேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயில் ஊக்கு குத்திக்கொண்டார். அன்றைக்கு அவர் அடித்த முதல் வாக்கியம், “நீ போய் கொஞ்ச நேரம் தூங்கு.”

அதுவும் நிலைக்கவில்லை. சித்திரை வெயிலில் பேட்டரி உப்பிக்கொண்டது. பின்மூடி தானாகத் திறந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிறவர் அதைக் கையில் வாங்கவே பயந்தார்.

“இத இனிமே சார்ஜுல போடாதம்மா, வெடிச்சிரும். இந்த மாடலுக்கு இப்ப பேட்டரி வர்றதில்ல. சென்னையில சொல்லி வக்கிறேன், கெடைச்சா போன் பண்றேன்.”

உப்பின பேட்டரியில் மிச்சமிருந்த உயிர் போவதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். அந்தப் போனைப் பேசவிட்டு, பக்கத்தில் இன்னொரு போனை வைத்து ஒவ்வொரு வாக்கியமாகப் பதிவு செய்தேன். எதெது வேண்டும் என்று நைனா நோட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தண்ணி வேணும். கழுத்துத் துணி மாத்தணும். மோட்டார நிறுத்து. மழை வருது, துணிய எடு. ‘நீ சாப்டியா’ என்று எழுதி, அம்மா இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். அறுபதுக்கு மேல் பதிவானதும் திரை கறுத்துவிட்டது. நோட்டில் இன்னும் அரைப் பக்கம் பாக்கி இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. பேட்டரி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பதிவுகளை அவர் போனில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைத்தேன். அதன் பிறகு அவரால் அந்த அறுபதுக்குள் மட்டும்தான் பேச முடிந்தது. யாராவது புதிதாக ஒன்று கேட்டால் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடுவார். கிடைக்காது. போனைப் பைக்குள் போட்டுவிடுவார். டைப் அடித்தால் பொம்பளை குரல் வரும் என்பதால் அந்தப் பக்கமே போகமாட்டார்.

ஐப்பசியில் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீளமான வார்டு, ஜன்னலுக்கு வெளியே மழை. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். நைனா கையை நீட்டி, அந்தச் செயலி இருந்த என் போனைக் கேட்டார். கொடுத்தேன். நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். நடுவில் இரண்டு தடவை இளைப்பாறினார். பிறகு அழுத்தினார்.

“எனக்கு பயமா இருக்குது” என்றது அந்தப் பெண் குரல்.

வார்டில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நைனா அவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தைரியம் சொல்லியிருக்கலாம். சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். “எனக்கும்தான் நைனா” என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் முறிந்து நான் பெட்டியோடு வந்து நின்ற நாளிலும் அவர் எதுவும் கேட்காமல் இதே மாதிரிதான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வந்து ஒன்பதாம் நாள் ரிப்பேர்க்காரர் போன் செய்தார். “பேட்டரி வந்துருச்சிம்மா.” அன்று அமாவாசை. நைனா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூச்சு துளையில் கரகரத்தது. இனிமேல் அவர் டைப் அடிப்பாரா என்று நான் யோசிக்கவே இல்லை. பயமாக இருக்கிறது என்பதையாவது அவர் தன் குரலில் சொல்லட்டும் என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது. “ஒரு மணி நேரத்துல வந்துர்றேம்மா” என்று சொல்லி, பழைய போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேட்டரியைப் பொருத்தி, சார்ஜ் ஏறும் வரைக்கும் கடை வாசலில் நின்றிருந்தேன். போன் உயிர் பெற்றது. எதிரே அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களில் ஜனம் ஏறிக்கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரர் ஒரு பட்டனை அழுத்தி, “பேசுதும்மா, நல்லா பேசுது” என்றார். அந்த நேரத்தில் என் கையிலிருந்த போன் அடித்தது. அம்மா. பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்களின் அழுகைக் குரல் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. பாதி தூரம் நடந்தேன். பிறகு வல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

அம்மா நைனாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கண்ணைத் திறந்தாரா, யாரையாவது தேடினாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே, “நீ அவுருக்கோசரம்தான போன” என்றாள். இரண்டு வருஷமாக அவள் அதையேதான் சொல்கிறாள்.