மாலில் பழகிய பனிச்சறுக்கு

துபாயில் ஒரு மாலுக்குள், கூரைக்குக் கீழே பனிச்சறுக்கு பழகியவர் என் கணவர். அந்தத் தைரியத்தில் டிசம்பரில் அமீரகத் தேசிய தின லீவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஜார்ஜியா கிளம்பினார்.

போன இடத்தில் பனி போதாமல் சறுக்குப் பாதையே திறக்கவில்லை. விடுவாரா? ஆளில்லாத மலைச்சரிவுக்குப் போக ஒரு வழிகாட்டியை அமர்த்தினார். அந்த மனிதர் முதலில், சரிவு பெயர்ந்து வராமல் தாங்குமா என்று பார்க்கப் பனியில் குழி வெட்டினார். மேலே புதுப்பனி பாளமாக இறுகியிருந்தது. அடியில் பழைய பனி சீனி மாதிரி உதிர்ந்தது. மண்வெட்டியால் தட்டியதும் பாளம் வழுக்கி விழுந்தது. "இன்றைக்கு வேண்டாம்" என்றார்.

"மூணு நாள் லீவுல குழியப் பாக்கவா வந்தோம்?" என்று என்மேல் எரிந்து விழுந்தார் இவர். பிறகு வழிகாட்டியிடம், "மாஃபி முஷ்கில்!" ஒன்றும் ஆகாதாம். அதையும் ஜார்ஜியாக்காரரிடம் அரபியில்!

சரிவை நோக்கி நாலடி வைத்திருப்பார். 'வும்' என்று காலடியில் சத்தம். அவருக்கு ஒரு முழம் முன்னால் பனி பிளந்து, சரிவே பெயர்ந்து பள்ளத்தில் இறங்கியது.

அதே நாலடியைப் பின்னால் வைத்து வந்து இவர் சொன்ன முதல் வார்த்தை: "மால்ல இப்படி ஆனதே இல்லையே!"

இப்போதெல்லாம் வழிகாட்டி குழி வெட்டிப் பார்த்து 'சரி' என்று சொல்லும்வரை, இவருடைய சறுக்குப் பலகைகள் என் தோளில்தான் இருக்கும்.

- ஒரு வாசகி, ரோலா, ஷார்ஜா